ஒன்று பூஜ்ஜியத்தைவிடப் பெரியது

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்
டிக் அடித்துக் கொடுக்க வேண்டும்.
கூடுதல் கணிதம், ஆறு வாரம்,
கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு.
ஆம். இல்லை.
இரண்டு கட்டமும் ஒரே அளவு,
ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில்
இதே படிவத்தை இந்த வாரம்
பத்துப் பன்னிரண்டு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன்.
பின்பக்கமும் வேணுமா என்று
எல்லாரிடமும் கேட்டேன்.
என்னுடையது பையிலேயே கிடக்கிறது, மடிப்பில் வியர்வையோடு.

வகுப்புக்குப் போனால் வேலை போகும்.
ஆறு வாரச் சம்பளம் ஒன்பதாயிரம்.
கட்டணத்தையும் சேர்த்தால் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு.
இந்தக் கணக்குக்கு வகுப்பு தேவையில்லை.

மாட்டுத்தாவணி கமிஷன் மண்டியில்
தக்காளிப் பெட்டிக்குச் சீட்டு எழுதிவிட்டு
விடிந்து வந்த அம்மா
தலைமுடியிலிருந்து வைக்கோல் எடுத்தபடி கேட்டாள்:
"நூத்துக்கு நூறு வாங்கிட்ட.
அதுக்கு மேல என்னத்தடி இருக்கு?"

அதுதான் எனக்கும் பயம்.

அந்த நூறு எப்படி வந்தது என்று
எனக்கு மட்டும் தெரியும்.
எட்டாவது வரி வந்தால் ஒன்பதாவது வரி வரும்.
யானைக்கல்லிலிருந்து வீட்டுக்குக்
கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மாதிரி.
நடுவில் ஒரு மாடு நின்றால்
போச்சு.

சனிக்கிழமை மாதிரி வகுப்பு வைத்தார்கள்,
தல்லாகுளத்தில், மாடியில், பதினோரு பேருக்கு.
பாடம் எடுத்தவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயசு கூட இருக்கும்.
சாக்பீஸ் ஆகாதாம்,
கைக்குட்டையில் சுற்றிப் பிடித்து எழுதினாள்:
ஒன்று பூஜ்ஜியத்தைவிடப் பெரியது. நிறுவுக.
எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிரித்தோம்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.
மேலூர் சோணைமுத்து எழுந்து,
"கையில ஒரு ரூவா இருந்தா, இல்லாததவிட ஜாஸ்திதான மேடம்?" என்றான்.
"அது ரூவாயப் பத்தி. ஒன்னப் பத்திச் சொல்லு."

விதிகள் என்று அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுத்தாள்.
நான்கு நாள் அதையே பார்த்தேன்.
கல்லாவில், குழாயடியில், படுக்கும்போது.
இவ்வளவு சின்ன விஷயம்
இவ்வளவு நாள் என்னிடம் பேசியதே இல்லை.

புதன்கிழமை, கோரிப்பாளையத்தில்
பாலத் தூண்களுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது.
சரி, ஒன்று கீழே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.
அப்போது மைனஸ் ஒன்று மேலே.
மேலே இருப்பதையும் மேலே இருப்பதையும் பெருக்கினால்
மேலேதான்.
மைனஸ் ஒன்றை மைனஸ் ஒன்றால் பெருக்கினால்...
ஆத்தி, ஒன்று.
ஒன்று மேலே வந்துவிட்டது!
கீழே என்று சொல்லித்தானே தொடங்கினோம்?

பக்கத்தில் ஒருவர்
ரிப்பேர் ஸ்டவ்வை மடியில் வைத்திருந்தார்.
அவரிடம் சொல்லிவிடலாமா என்று
ஒரு நிமிஷம் பார்த்தேன்.
அவர் ஸ்டவ்வை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெனாசிர் சொல்கிறாள்,
காலேஜில் முதல் செமஸ்டரிலேயே இதெல்லாம் வரும்,
இப்போது எதற்குக் காசைக் கரியாக்குகிறாய் என்று.
அவள் சொல்வது சரி. அம்மா சொல்வதும் சரி.
என் பக்கம் ஸ்டவ்காரர் மட்டும்தான்,
அவருக்கும் விஷயம் தெரியாது.

நேற்று ராத்திரி அதே வழியில் போட்டுப் பார்த்தேன்.
சேரவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.
மே மாசம் வரும். கண்ணாடிக்கு அடியில்
பச்சை வெளிச்சம் போய்ப் போய் வரும்.
ஒன்பதாயிரம் வரும். அம்மா ஃப்ரிட்ஜ் பார்க்கலாம்.
எங்கேயும் முரண் வரவில்லை.
நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, இதை நிறுவ முடியாது.

அந்த அரைப்பக்கத் தாளை மறுபடி எடுத்தேன்.
ஒவ்வொரு விதிக்கும் கீழே காரணம் தேடினேன்.
ஒன்றுக்கும் இல்லை.
யாரும் நிறுவவில்லை,
வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளி, நாலு நாற்பது.
படிவத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்தேன்.
ஜாபர் அண்ணன் எட்டிப் பார்த்து,
"அப்ப வேற ஆளு பாக்கணுமா?" என்றார்.
தலையாட்டினேன்.
கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்.

"ரெண்டு ரூவா" என்றார்.